மூணு கட்டை வெளிச்சம்

குன்னூர் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஆளாளுக்கு லிஸ்ட் கொடுத்தார்கள். வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், டீத்தூள். என் சொந்த லிஸ்ட்டில் ஒரே ஐட்டம்: டார்ச் லைட். பிளாட்பாரக் கடையில் வாங்கினேன். அட்டையில் 'ஒரு லட்சம் லூமென்' என்று போட்டிருந்தது. விலை முந்நூறு ரூபாய். லூமெனுக்கு அரை பைசாகூட ஆகவில்லை!

நண்பன் வீடு எஸ்டேட்டுக்குள். கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே இருபது நிமிஷ நடை. நண்பனின் அப்பா அழைத்துப் போக வந்திருந்தார். மப்ளர், ஸ்வெட்டர், கையில் பழைய மூணு கட்டை டார்ச். நான் என்னுடையதைத் தட்டினேன். எதிர் மலைவரை பளிச்!

''நல்லா எரியுது தம்பி'' என்றார். அதற்குமேல் பேசவில்லை.

எட்டாவது நிமிஷம் வெளிச்சம் மங்கியது. பத்தாவது நிமிஷம் மின்மினிப்பூச்சி. அப்போதுதான் பக்கத்தில் 'புஸ்'ஸென்று ஒரு பெருமூச்சு. பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய டார்ச் தரையோரமாகச் சாய்ந்தது. வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால்கள். மேலே கறுப்பாக ஒரு மலை. காட்டெருமை!

ஆண் என்றால் ஒரு டன் வரைகூட வளரும். மெதுவாகப் பின்வாங்கி நின்றோம். அது சாவகாசமாகப் பாதையைக் கடந்தது. என் டார்ச்சை மட்டும் நம்பி வந்திருந்தால் நேராகப் போய் முட்டியிருப்பேன். இந்தப் பத்தியை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

வீட்டில் டார்ச்சைத் திறந்தேன். உள்ளே டி.வி. ரிமோட்டில் போடும் குட்டி செல் மூன்று. விஷயம் புரிந்துவிட்டது.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். ப்ளஸ் டூ பிசிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். 10 வாட்ஸ் எல்.ஈ.டி.க்கு மூன்று செல்லின் 4.5 வோல்ட்டிலிருந்து 2 ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். குட்டி செல்லோ மாசச் சம்பளக்காரன் மாதிரி. பத்துப் பத்து ரூபாயாகக் கேட்டால் ரொம்ப நாள் கொடுப்பான். மொத்தமாகக் கேட்டால் முகம் வாடிவிடும். செல்லின் உள்தடையால் வோல்ட் சரியும், ஒரு பங்கு சூடாகவே வீணாகும். போதாததற்குக் குளிர்! 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி விழும். அந்தக் குளிரில் செல்லுக்குள் ரசாயனமும் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே மலையில் உபரி செல்லைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வைப்பது நல்லது.

சரி, எதை வாங்குவது? 18650 என்ற லித்தியம் அயான் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசி பூஜ்யம் உருளை என்பதற்காக. சுமார் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. நல்ல செல் 3 ஆம்பியரை முகம் சுளிக்காமல் கொடுக்கும். 'தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்?' என்று கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாக இருக்கட்டும். கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர்-ஹவர் என்றால் நம்பலாம். 9900 என்று அச்சடித்திருந்தால் அது என் ஒரு லட்சம் லூமெனின் தம்பி!

அந்த 3500-ஐ 3 ஆம்பியரில் செலவழித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 0.3 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மடங்கு தூரம் தெரிய நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெரியவரின் பல்பு கேட்டது சுமார் அரை ஆம்பியர்தான். அந்தக் குண்டுக் கட்டைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காலையில் டீ கொடுத்தபடி சொன்னார்: ''எதிர் மலைக்கு எதுக்குத் தம்பி வெளிச்சம்? நாம நடக்கறது இந்தப் பாதையிலதானே?''

செத்துப்போன மூன்று செல்லில் இரண்டு இப்போது என் வீட்டு டி.வி. ரிமோட்டில். கச்சிதமாக வேலை செய்கின்றன! செல் பேரில் தப்பில்லை. அதனிடம் கேட்டதுதான் தப்பு. எங்கள் மானேஜருக்கும் இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.