கேட்காமல் ஓடும் வீடியோ: யார் வீட்டு டேட்டா?

வடமதுரையில் ஒரு பி.காம். மாணவர் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் ரிசல்ட் எப்போது என்று பார்க்க ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டே வரி. அது கண்ணில் படுவதற்குள் மூலையில் ஒரு வீடியோ குதித்து வந்து தானாக ஓட ஆரம்பிக்கிறது. யாரோ ஒரு நடிகை விமான நிலையத்துக்கு வந்தாராம்! பக்கத்தைக் கீழே தள்ளினால் அதுவும் கூடவே வருகிறது. மூடலாம் என்றால் பெருக்கல் குறி கடுகு சைஸில் இருக்கிறது. விரல் கொஞ்சம் தவறினால் விளம்பரம் திறந்துகொள்கிறது.

இந்த வீடியோவை யார் கேட்டார்கள்?

"சின்ன விஷயம், இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் சுமாரான வீடியோ, ஒரு நிமிடத்துக்கு 7.5 எம்பி தின்னும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 75 எம்பி. 28 நாள் ரீசார்ஜ் முடிவதற்குள் 2,100 எம்பி. தினம் 1.5 ஜிபி திட்டம் போட்டவருக்கு இது ஒரு முழுநாள் டேட்டாவைவிட அதிகம். 60 பேர் இருக்கும் வகுப்பு என்றால் ஒரே நாளில் 4.5 ஜிபி அம்பேல்!

டேட்டா இப்போது சல்லிசு என்று சொல்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2024 ஜூலையில் கம்பெனிகள் வரிசையாகக் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாய் ஆனது. நூற்பாலையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பாவிடம் கேட்டு ரீசார்ஜ் செய்யும் பிள்ளைக்கு அந்த 60 ரூபாய் சும்மா வந்ததில்லை.

இதில் தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது. வீடியோவைப் பக்கத்தில் பதிக்க வீடியோ.ஜேஎஸ் மாதிரி இலவச ஸ்கிரிப்ட் நூலகங்கள் 2010 முதலே இருக்கின்றன. ஓட்டு, நிறுத்து, சத்தத்தைக் குறை, வேகத்தைக் கூட்டு என்று எல்லாவற்றுக்கும் கட்டளை உண்டு. 'ஆட்டோபிளே' என்பது அதில் ஒரே ஒரு சொல். அதை எழுதாமல் விட்டால் வீடியோ சமர்த்தாக நிற்கும். 'பிரிலோட்' என்ற இடத்தில் 'நன்' என்று போட்டால், பொத்தானை அமுக்கும்வரை கோப்பை இறக்க வேண்டாம் என்று பிரவுசருக்குச் சொன்னதாகிவிடும். அதுவரை ஒரு படத்தை மட்டும் காட்டினால் போதும். அதாவது மரியாதையாக நடந்துகொள்ளும் வழி இருக்கிறது. தெரிந்தேதான் அதை ஒதுக்குகிறார்கள்.

பிரவுசர்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2017 செப்டம்பரில் சஃபாரி, 2018 ஏப்ரலில் குரோம், 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் என்று வரிசையாக, சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவுக்குக் கடிவாளம் போட்டார்கள். தளங்கள் என்ன செய்தன தெரியுமா? 'மியூட்டட்' என்று இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொண்டன. சத்தமில்லாவிட்டால் அனுமதி உண்டே! காது தப்பித்தது, டேட்டா தப்பிக்கவில்லை. முன்பாவது சத்தம் கேட்டு மூடினார்கள். இப்போது ஓடுவதே தெரியாமல் ஓடுகிறது.

"விளம்பரம் இல்லாமல் தளம் எப்படி நடத்துவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிருபருக்குச் சம்பளம் வேண்டும், சர்வருக்கு வாடகை வேண்டும். ஆனால் இந்த வருமானம் எப்படி வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014-ல் வகுத்த அளவுகோல்படி, வீடியோ விளம்பரத்தில் பாதி திரையில் தெரிந்து, தொடர்ந்து 2 நொடி ஓடினால் அது 'பார்க்கத்தக்க' விளம்பரம். வீடியோ ஏன் மூலையில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது என்று இப்போது புரிகிறதா? அந்த 2 நொடிக்காகத்தான்! யாரும் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கணக்கு. டேட்டா கொடுத்த வாசகரும் ஏமாளி, காசு கொடுத்த விளம்பரதாரரும் ஏமாளி. நடுவில் இருப்பவர் மட்டும் லாபத்தில். இதை வியாபாரம் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் செய்யக்கூடாத 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று, வாங்குபவருக்குத் தெரியாமல் அவர் கூடையில் வேறு பொருளைச் சேர்த்துவிடுவது. கேட்காத வீடியோவைப் பக்கத்தில் சேர்த்து டேட்டாவைக் கறப்பது அதற்கு அண்ணனா தம்பியா? ஐயலூர் சந்தையில் ஒரு கிலோ தக்காளி கேட்டவர் பையில், சொல்லாமல் கால் கிலோ கத்திரிக்காயைப் போட்டுக் காசு வாங்கினால் சும்மா விடுவார்களா? ஆனால் அந்தப் பட்டியலில் தானாக ஓடும் வீடியோவுக்குப் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும். 14-ஆவதாகச் சேர்த்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

"பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் நிறுத்திக்கொள்" என்று ஒரு உபதேசம் வரும். ஃபயர்ஃபாக்ஸில் ஆடியோ, வீடியோ இரண்டையும் தடுக்க வசதி இருக்கிறது, தெரிந்தவர்கள் செய்துகொள்ளட்டும். ஆனால் தக்காளி விலை பார்க்க போனைத் திறக்கும் விவசாயி அந்த மெனுவை எங்கே போய்த் தேடுவார்? திருடுபவரை விட்டுவிட்டு, கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று வீட்டுக்காரரைத் திட்டுகிற கதைதான் இது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூட்டை வாங்கியவரிடம்தான் சாவியும் இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. போன் வாசகருடையது, ரீசார்ஜும் அவருடையது. பிளே பொத்தானில் மட்டும் வேறொருவர் விரல் எதற்கு?