ஒரே பம்பு, எல்லாப் பேரலுக்கும்?

மின்சாரப் பேரல் பம்பு வாங்கும்போது முதலில் எழும் கேள்வி, "நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?" அடுத்தது விலை. எந்த எண்ணெய்க்கு என்பதை 'லைட் ஆயில்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அந்த இரண்டு சொல்லுக்குள் ஹைட்ராலிக் ஆயிலும் இருக்கிறது, டீசலும் இருக்கிறது. முன்னதன் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ். டீசலுக்கு நம் தரநிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேரல் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். 2002ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படி டீசல் 'பி' வகுப்பு. ஹைட்ராலிக் ஆயில் எந்த வகுப்பிலும் வராது.

சிறு பட்டறைகளில் அதிகம் ஓடுவது யுனிவர்சல் மோட்டார் வைத்த பம்பு. கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறப்பது பழுதல்ல, அந்த மோட்டாரின் இயல்பே அதுதான். ஹைட்ராலிக் ஆயிலுக்கு அது தாராளமாகப் போதும். அதையே மதியம் டீசலுக்கும், பெயின்ட் பிரிவு கேட்டது என்று மறுநாள் தின்னருக்கும் தூக்கிப்போவதில்தான் வினை. 'ஐ.பி. 55 போட்டிருக்கிறதே' என்பார்கள். அது தூசிக்கும் தண்ணீருக்குமான காப்பு, ஆவிக்கு அல்ல. தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் பெசோ ஒப்புதல் பெற்ற ஃபிளேம்புரூஃப் மோட்டார்தான் வேண்டும்.

மோட்டாரோடு விஷயம் முடியவில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை. ஓட்டத்தில் சேரும் நிலைமின்சாரம் இறங்க வழியில்லாமல் தேங்கும். அமிலத்துக்கு உகந்த பி.பி. குழாய் இங்கே கூடாது. அலுமினியம் அல்லது எஸ்.எஸ். குழாய், கம்பி பதித்த ஹோஸ், பேரலையும் பம்பையும் நிரப்பும் தொட்டியையும் சேர்த்துக் கட்டிய எர்த் – இவ்வளவும் வேண்டும். கிளாம்ப் பெரும்பாலும் பேரல் விளிம்பின் பெயின்ட் மேலேயே கவ்விக்கொண்டிருக்கும். கண்ணுக்கு எர்த் உண்டு, மீட்டருக்கு இல்லை. அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டர் 10 ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். ஹோஸ் முனை தொட்டியின் அடியைத் தொடட்டும். மேலிருந்து கொட்ட வேண்டாம்.

கேட்லாக்கில் உள்ள லிட்டர் கணக்கு பெரும்பாலும் தண்ணீரை வைத்து எடுத்தது. 46 கிரேடு ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் இரண்டரை மடங்குக்கு மேல் கெட்டி. ஓசூரின் மார்கழிக் காலையில் பம்பு திணறினால் அதன்மேல் பழி போடாதீர்கள். பம்பே வேண்டாம் என்று கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு எண்ணெயைத் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். பேரல் அழுத்தம் தாங்கச் செய்த கலன் அல்ல.

டீசலுக்குத் தனியாக ஒரு ஃபிளேம்புரூஃப் பம்பு வாங்க இந்த ஆண்டு பட்ஜெட் இடம் தராவிட்டால், பழைய ரோட்டரி கைப்பம்பையே போடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். எர்த் அதற்கும் வேண்டும்.