யார் பெயரை எழுதுகிறோம்?



பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் பட்டியலில் பெயர் இருப்பது சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஏரியில் இறால் பிடிக்கும் பாடு முறையில், ஊர்க்கணக்கில் பெயர் உள்ளவருக்குத்தான் முறை வரும். எந்த மீன்பிடி இடம் (பாடு) யாருக்கு, எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கும் பட்டியலில் பெயர் வேண்டும். ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதோ, வேண்டாத பட்டியலில் சேர்ப்பதோ எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான், பேசத் தயங்கும் ஒரு பட்டியலைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன்.

2018 செப்டம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடக்க நாளிலேயே அதில் சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்க முடியும். குழந்தைக்கு எதிரான கொடுமை ஒன்று செய்தியாகும்போதெல்லாம், ‘குற்றவாளியின் படத்தையும் விலாசத்தையும் ஊரறிய ஒட்டுங்கள்’ என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கூடையோடு மீன் விற்கப் போகும் தாயின் வயிற்றில் இருக்கும் பயம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டக்கூடாது என்றே சொல்வேன்.

கூனங்குப்பத்தையோ லைட்ஹவுஸ்குப்பத்தையோ எண்ணிப் பாருங்கள். வாசலுக்கு வாசல் உறவு. மாமன், மச்சான், சித்தப்பா என்று முறை சொல்லாத வீடு குறைவு. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. அப்படியிருக்க, ஒருவனின் படம் ஊர்ச் சுவரில் ஏறினால், அந்தச் சிறுமி எந்த வீட்டுப் பிள்ளை என்பது அன்று மாலைக்குள் மீன் ஏலக்கூடம் வரை தெரிந்துவிடும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. குற்றவாளியின் பெயர் வழியாகவே அந்த அடையாளம் வெளியே வரும் என்று தெரிந்தால் எந்தத் தாய் காவல் நிலையப் படியேறுவாள்? ‘ஊரிலேயே பேசி முடித்துக்கொள்வோம்’ என்பவர்களின் பேச்சுதான் எடுபடும். குற்றவாளிக்கு அதைவிட வசதி வேறில்லை.

அடுத்து, பட்டியலில் யார் சேருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் அனைவரும் குழந்தைகள். அவர்களின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஊரைவிட்டுப் போனாலும் அவன் மீது இதே சட்டம்தான் பாயும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் வன்தாக்குதலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அந்தப் பெண் கருவுற்றிருந்தால் குறைந்தது 20 ஆண்டு. தண்டனை உறுதியானால், சிறுமியைச் சிதைத்தவனும் இந்தப் பையனும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பார்கள். வெளியே வந்த பிறகும், காட்டுப்பள்ளித் துறைமுகத்திலோ அத்திப்பட்டு அனல் மின் நிலையத்திலோ ஒப்பந்த வேலை கேட்டுப் போனால், போலீஸ் சரிபார்ப்பில் அந்த வழக்கு எழுந்து நிற்கும்.

இதை நம் நீதிமன்றங்களே கவலையோடு சொல்லியிருக்கின்றன. 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவைச் சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படியான ஒரு வழக்கை ரத்து செய்தார். காதல் விவகார வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டிஜிபி சுற்றறிக்கை அனுப்பினார். 2023இல் சட்ட ஆணையம் சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. ஆனாலும் 16 முதல் 18 வயது வரையிலானோர் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. சட்டம் மட்டும் இன்னும் நகரவில்லை.

குற்றவாளிகளின் விவரங்களை ஊரறிய வெளியிடும் வழி அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. 1989இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994இல் கூட்டாட்சிப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. 1996இல் மேகன் சட்டம் விவரங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஜேக்கப்பின் உடல் 2016இல்தான் கிடைத்தது. அந்தப் பதிவேட்டுக்காகப் போராடிய அவன் தாய் பேட்டி வெட்டர்லிங்கே, சிறார்களையும் அதில் அடைப்பது எல்லை மீறிப் போய்விட்டது என்று பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயே அப்படிச் சொல்லும்போது நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆகவே நம் இதழ் கேட்பது இதுதான். தேசியத் தரவுத்தளத்துக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றட்டும். தரவுத்தளம் காவல்துறையின் கையோடு நிற்கும் என்ற உறுதி அந்தச் சட்டத்தில் இருக்கட்டும். ஒருவரால் இனி எவ்வளவு ஆபத்து என்பதை எடைபோட்டு வகைப்படுத்தட்டும். திருந்தி வாழ்பவர் தன் பெயரை நீக்கக் கேட்டு நீதிமன்றம் போக வழி இருக்கட்டும். மறுபடி மறுபடி பிள்ளைகளைத் தேடிப் போகிறவன் மீது காவல்துறையின் முழுக் கவனமும் இருக்கட்டும். வயதொத்த காதலுக்கு அந்தப் பட்டியலில் இடம் வேண்டாம்.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பாலியல் குற்றம் எதையும் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதில்லை என்று ஒவ்வொரு குப்பமும் தீர்மானம் போடலாம். வழக்கு நடக்கும்போது பிள்ளைக்குக் கூடவே நிற்க ஒரு துணை நபரை அமர்த்த 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளில் வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவிடம் அதைக் கேட்டு வாங்கலாம். சுவரில் எழுதத்தான் வேண்டும் என்றால், ஏலக்கூடத்திலும் பள்ளி வாசலிலும் பிள்ளைகள் கண்ணில் படும்படி 1098 என்ற உதவி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் கடிதம் எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்