தொடக்கத்திலேயே நின்றுவிடும் கணினி

1990-இல் டெக்னோபார்க் எழுந்த இத்திருவனந்தபுரத்தில், பிள்ளைகளின் கல்விக்கென உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி அமைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். அது தொடக்கத்திலேயே அசைவற்று நின்றால், புதிய மதர்போர்டு வாங்க விரைதல் வேண்டா.

மின்னிணைப்பை நீக்குக. பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், திரைக்குரிய இணைப்பு ஆகியவை மட்டும் இருக்க, ஹார்டு டிஸ்க் உட்பட ஏனையவற்றைக் கழற்றுக. ராமைத் தூசி நீக்கி மீண்டும் அழுத்திப் பொருத்துக. இப்பொழுது இயங்கினால், ஒவ்வொன்றாகச் சேர்த்து வருக. எதனைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அதுவே ஐயத்திற்குரியது. பிரேக் இறுகிய இரயிலில் பெட்டி பெட்டியாகச் சோதிப்பதும் இம்முறையே அன்றோ!

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பணத்தினும் உயிர் பெரிது.