‘சேர்த்தல்’ என்னும் சொல்லின் ஏமாற்று

வீட்டிலேயே கட்டிய சி.என்.சி. எந்திரத்தில் லேசரைச் ‘சேர்ப்பது’ எளிது என்கிறார்கள்: ஸ்பிண்டிலைக் கழற்று, டையோடை மாட்டு, வேலை முடிந்தது. ஏமாற்று அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. முனையோடு எந்திரத்தின் இயல்பும் மாறிவிடுவதை அது மறைக்கிறது.

நகர்வு நடுவில் நின்றால் வெட்டுமுனை நின்ற இடத்தில் சுழலும், அவ்வளவே. எம்3 கட்டளையில் இயங்கும் லேசரோ நின்ற இடத்தையே எரிக்கும். ஜிஆர்பிஎல் 1.1இல் லேசர் முறையும், நகர்வு நின்றதும் ஒளியை அணைக்கும் எம்4 கட்டளையும் இதற்காகவே உள்ளன. வகுப்பறை லேசர் பாயின்டர் 5 மில்லிவாட் அளவினது; 5 வாட் டையோடு அதன் 1000 மடங்கு. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு. அதன் சிதறொளியும் விழித்திரையைச் சுடக்கூடும். பி.வி.சி. தகட்டை வெட்டினாலோ ஹைட்ரஜன் குளோரைடு எழும்.

‘பாதுகாப்புக்குச் செலவிட்டால் சிக்கனம் போய்விடும்’ என்பர். கராடி அமைந்த அதே புனே மாவட்டத்தின் பாபல் சிற்றூரில் 1983இல் எஸ்.எஸ். கல்பாக் விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கினார், எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் 2002இல் அங்கேதான் அமைந்தது. செய்து கற்றலே அதன் கொள்கை. செய்து கற்கவும் கண் வேண்டும். மாணவரின் பார்வையைக் கணக்கில் கொள்ளாத சிக்கனம், செலவை அவர் தலையில் கட்டுவதே.

மூடுபெட்டி, அலைநீளத்துக்கேற்ற கண்ணாடி, புகைபோக்கி ஆகியவை இல்லாத லேசர்த் திட்டப்பணிக்குத் துறைகள் மதிப்பெண் வழங்கலாகாது.