குடும்ப மேடை: நாசி லெமாக் பொட்டலம்



பொழுது விடிவதற்கு முன்பே நம் பட்டணத்துச் சாலையோரங்களில் மடக்கு மேசைகள் முளைத்துவிடுகின்றன. மேசை மேல் குவியல் குவியலாக நாசி லெமாக் பொட்டலங்கள். தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பவர், பள்ளிப் பிள்ளை, செம்பனைத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் விரைபவர் எல்லாருக்கும் அதுதான் பசியாறல். இந்த முறை அந்தப் பொட்டலத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போமா?

'நாசி' என்றால் சோறு. 'லெமாக்' என்றால் கொழுப்பு. தேங்காய்ப் பாலின் ருசியையும் அச்சொல் குறிக்கும். அரிசியைத் தேங்காய்ப் பாலில் உப்பும் இஞ்சியும் சேர்த்து, முடிச்சுப் போட்ட பாண்டான் இலையை உள்ளே இட்டு வேகவைக்கிறார்கள். துணைக்குச் சம்பல், பொரித்த நெத்திலி, வறுத்த கடலை, அரை முட்டை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய். மலாய் மக்களின் வீட்டுச் சமையல் இது. மலாய் வாழ்க்கையைப் பற்றி வின்ஸ்டெட் 1909-இல் எழுதிய நூலிலேயே இதன் பெயர் வந்துவிட்டது.

வாழையிலையில் கட்டுவது அழகுக்காக மட்டுமல்ல. இலையை அனலில் வாட்டினால் கிழியாமல் மடங்கும். சுடுசோறு பட்டதும் அதன் மணம் சோற்றில் இறங்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதத்தில் கட்டினால் அந்த மணம் ஏது?

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் இடம்பெற்றன. பின்னவை இரண்டும் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் கைபட்டு வளர்ந்தவை அல்லவா! மூவினத்தாரும் ஒரே மேசையில் பசியாறும் பழக்கத்துக்குக் கிடைத்த மரியாதை இது. நமக்கும் அதில் பங்குண்டு.

பெருமை இருக்கட்டும். உடம்பையும் கவனிக்க வேண்டுமே! 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதாவது, மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்! பழியை ஒரு பொட்டலத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் தேங்காய்ப் பால் சோறு, சீனி போட்ட சம்பல், அதன் மேல் ஒரு குவளை இனிப்புத் தேநீர் என்று தினமும் உண்டுவிட்டு, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மண்வெட்டி பிடித்தவருக்கும் வலை இழுத்தவருக்கும் செரித்த சோறு நமக்கும் அப்படியே செரிக்குமா?

ஆகவே, தாய்மார்களே, சில யோசனைகள். வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்துங்கள். கூடவே சீனியில்லாத தேநீர் குடியுங்கள். வெள்ளரிக்காயை ஒதுக்கிவிடாமல், வீட்டிலிருந்து இன்னும் நாலு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால் சேர்ந்த சோறு சீக்கிரம் புளித்துப்போகும். காலையில் வாங்கியதை மத்தியானத்துக்கென்று பிள்ளையின் பையில் வைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நெத்திலியை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. சம்பலிலேயே பெலாச்சான் அரைத்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த மடக்கு மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தாய்தான் நிற்கிறாள். ஊர் உறங்கும்போது எழுந்து தேங்காய்ப் பால் பிழிந்தவள் அவள். அவளிடம் பத்துக் காசுக்குப் பேரம் பேசாதீர்கள். தினமும் வாங்க வேண்டாம். வாங்கும் நாளில் முகமலர்ச்சியோடு முழு விலை கொடுங்கள். உங்கள் உடம்பும் நன்றாக இருக்கும், அவள் வீட்டு அடுப்பும் எரியும்.