கோட்டை மேட்டுக் காசு



"ஐயா, உலோகம் காட்டும் கருவி வாங்கிக் கோட்டை மேட்டில் தேடலாமா?" என்று நம் சபையின் வாலிபர் ஒருவர் கேட்டார். ஏரியில் மீன் குறைந்த நாட்களில் இக்கேள்வி பேராசையால் மட்டும் எழுவதன்று. ஆயினும் கூடாது என்றேன்.

பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மூடிய மண்மேடு. இவ்வூரில் அவர்கள் காசும் அச்சடித்தனர். துணியோடு மனிதரையும் விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுச்சில்லின் அருகில் கிடந்தது என்பதே அம்மனிதருக்காகச் சாட்சி பகரக்கூடும். இரவில் பறித்தெடுத்தால் அது வெறும் செம்பு.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் புதையலைக் கண்டவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. உடைமைகளை விற்று முதலில் நிலத்தை வாங்குகிறான். நம் பிரசங்கங்களில் நாம் விரைந்து கடந்துவிடும் இடம் அது. கோட்டை மேட்டை நம்மில் எவரும் விலை கொடுத்து வாங்கவில்லையே.

வாலிபர் விடவில்லை. "தற்செயலாகக் காலில் தட்டுப்பட்டால்?"

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். "வாருங்கள் தம்பி, மனுவை நானே எழுதித் தருகிறேன்" என்றேன்.